பழைய காருக்குப் புதுக் குரல்

பழைய காரில் பாட்டு கரகரக்கிறதா? ஸ்டீரியோவை மாற்ற அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் கதவிலுள்ள ஸ்பீக்கரின் கூம்பு விளிம்புதான் கிழிந்திருக்கும். மும்பை மழையில் நனைந்து பழகிய என் காரில் ஸ்பீக்கர்களை மட்டும் நானே மாற்றினேன்.

வாங்குமுன் துளையின் விட்டத்தையும் உள் ஆழத்தையும் அளந்துகொள்ளுங்கள்; இறங்கும் கண்ணாடியில் காந்தம் இடிக்கக் கூடாது. பழையது 4 ஓம் என்றால் புதியதும் அதுவே.

கம்பிகளில் பிளஸ், மைனஸ் குறித்துக்கொண்டு கழற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாறிவிட்டால் இரு கூம்புகளும் எதிரெதிராக அசையும்; மிருதங்கத்தின் தொப்பி ஒலி அமுங்கிவிடும். ஐயமிருந்தால் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள்: பிளஸ்ஸோடு பிளஸ் சேர்ந்தால் கூம்பு வெளியே வரும்.

கதவின் உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் திரும்ப ஒட்டுங்கள். மழைநீர் காருக்குள் வராமல் காப்பது அதுதான்.