‘சிம்’மில் நிற்காத அடுப்பு

காலை ஆறே முக்கால். ஒரு பர்னரில் பால், இன்னொன்றில் இட்லிப் பானை. சட்னிக்குத் தேங்காய் துருவியாகவில்லை, பையன் இன்னும் எழவில்லை, தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. மிக்ஸி ஜாரை எடுக்க அலமாரியைத் திறந்த என் தங்கையின் கண்ணில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய புளி டப்பா படுகிறது. அதைத் துடைக்கிறாள். பிறகு பக்கத்து டப்பாவை. மூன்றாவது டப்பாவில் கை வைக்கும்போது தீய்ந்த வாடை வருகிறது. பால் பொங்கி வழிந்து பர்னரை அணைத்திருக்கிறது. மாடியில் தொட்டி நிரம்பித் தண்ணீர் கொட்டும் சத்தம்.

“அடுப்புல கண்ணு இருக்க வேண்டாமாடி?” என்று அம்மா கேட்காத நாளில்லை. நாங்கள் எல்லோரும் இதை அசட்டை என்றுதான் நினைத்திருந்தோம். தங்கையின் பையனுக்கு எட்டு வயதில் ஏ.டி.எச்.டி. என்ற கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் கோளாறு இருப்பதைக் கண்டறிந்த டாக்டர், அவளுடைய சின்ன வயதைப் பற்றியும் விசாரித்தார். அப்போதுதான் அவளுக்கும் அது இருப்பது தெரிந்தது. அவளுக்கு வயது 34. இது குடும்பத்தில் இறங்கும் விஷயம். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் இதில் மரபின் பங்கை ஏறத்தாழ 74 சதவீதம் என்று கணிக்கின்றன.

அந்த அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று ஏ.டி.எச்.டி. உள்ள மூளையைப் பார்ப்போம். சிலிண்டரில் கேஸ் இருக்கிறது, பர்னரும் நன்றாக எரிகிறது. பழுது, தீயைக் கூட்டிக் குறைக்கும் நாபில். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதிதான் எந்த வேலைக்கு எவ்வளவு தீ, எதை எப்போது இறக்குவது என்று பார்த்துக்கொள்கிறது. அங்கே செய்தி கொண்டுபோகிறவை டோபமைன், நோர்அட்ரினலின் என்ற இரண்டு வேதிப்பொருள்கள். ஏ.டி.எச்.டி. உள்ளவர்களிடம் இவற்றின் போக்குவரத்து சீராக இருப்பதில்லை. அதனால் ‘சிம்’மில் வைத்தால் தீ நிற்காது. பிடித்த வேலை என்றால் முழுத் தீ, சலிப்பான வேலை என்றால் தானே அணைந்துவிடும். பாலை மறந்த இதே தங்கை, ராத்திரி இரண்டு மணி வரை தலை நிமிராமல் ஆரி வேலைப்பாடு செய்வாள். “பிடிச்சதுக்கு மட்டும் மறதி வராதாக்கும்?” என்று உறவினர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்வியிலேயே நோயின் இலக்கணம் இருக்கிறது என்பது எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

இது மனநலத்தைத் தொடும் இடத்துக்கு வருவோம். தினமும் அடிப்பிடிக்கிற பாத்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். எவ்வளவு தேய்த்தாலும் அடியில் ஒரு கறுப்பு தங்கும், அடுத்த நாள் நல்ல பாலை ஊற்றினாலும் அந்த வாடை ஏறும். நோட்டைத் தொலைத்ததற்கு ஒரு திட்டு, பீஸ் கட்ட மறந்ததற்கு ஒரு திட்டு, பேச்சின் நடுவே குறுக்கிட்டதற்கு ஒரு முகச்சுளிப்பு என்று இருபது, முப்பது வருடம் சேர்ந்தால், ‘நான் எதற்கும் உதவாதவள்’ என்பது அடியில் ஒட்டிக்கொள்கிறது. மனச்சோர்வு அங்கிருந்து கிளம்ப அதிக நாள் ஆகாது. அமெரிக்காவில் பெரியவர்களிடையே நடத்தி 2006-ல் வெளியிட்ட பெரிய கணக்கெடுப்பில், ஏ.டி.எச்.டி. உள்ளவர்களில் 47 சதவீதம் பேருக்குப் பதற்ற நோய்களில் ஏதாவது ஒன்றும், 38 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு போன்ற மனநிலைக் கோளாறுகளில் ஏதாவது ஒன்றும் இருந்தன.

ஆனால் எல்லாப் பழியையும் திட்டிய அம்மாக்கள் மேல் போடுவது நியாயமில்லை. ஏ.டி.எச்.டி.க்கும் மனச்சோர்வுக்கும் வழிவகுக்கும் மரபணுக்கள் ஓரளவு பொதுவானவை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. இரண்டு பர்னருக்கும் கேஸ் வருவது ஒரே குழாயில்தான். அன்பாக வளர்ந்த பிள்ளைக்கும் சோர்வு வரலாம்.

பதற்றத்தின் கதை வேறு. பால் பொங்கக்கூடாது என்றால் கரண்டியும் கையுமாக, கண் இமைக்காமல் அடுப்படியிலேயே நிற்க வேண்டும். என் தங்கை கல்யாணமான புதிதில் அப்படித்தான் நின்றாள். போனில் ஐந்து அலாரம். பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் முன்பே போய் நிற்பாள். கேஸை அணைத்தோமா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வருவாள். பால் பொங்கவில்லை. “பரவாயில்லை, திருந்திட்டா” என்றோம். அந்தக் காவலை நிற்க வைத்தது பயம். வேலை ஓட வேண்டுமானால் அவள் முதலில் பயந்தாக வேண்டியிருந்தது. படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் அதற்கு அவள் கொடுத்த கூலி. தூக்கம் கெட்டால் மறுநாள் கவனம் இன்னும் சிதறும். அதைச் சமாளிக்க இன்னும் கொஞ்சம் பயம் வேண்டும்.

கோபமும் அழுகையும் இதே நாபின் கோளாறுதான். எண்ணெய் அளவுக்கு மேல் காய்ந்திருந்தால் போட்ட கடுகு முகத்தில் தெறிக்கிறது. தட்டை எடுத்து மூடும் அந்த ஒரு நொடி இவர்களுக்குக் கிடைப்பதில்லை.

ஏ.டி.எச்.டி. தெரியவருவதற்கு முன் நான்கு வருடம் அவள் மனச்சோர்வுக்கு மட்டும் மாத்திரை சாப்பிட்டாள். பாத்திரம் பளபளவென்று ஆகும். இரண்டு மாதத்தில் மறுபடி அடிப்பிடிக்கும். பாத்திரத்தைத் தேய்த்தார்களே தவிர, நாபை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் இது. சோர்வு கடுமையாக இருந்தால் முதலில் அதைக் கவனிப்பதுதான் முறை, அதில் தவறில்லை. அதோடு நின்றுவிட்டதுதான் தவறு.

ஏ.டி.எச்.டி.க்கு அதிகம் கொடுக்கப்படும் மருந்து மெதில்பெனிடேட். சுவிட்சர்லாந்தில் 1944-ல் உருவாக்கிய பழைய மருந்து. நரம்புகள் வெளிவிட்ட டோபமைனையும் நோர்அட்ரினலினையும் உடனே திரும்ப உறிஞ்சிவிடாமல் இது தடுக்கிறது. தீ ‘சிம்’மில் நிற்கிறது. சாதாரண வகை சுமார் நான்கு மணி நேரம் வேலை செய்யும். பசியும் தூக்கமும் குறையலாம், நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் கூடலாம். டாக்டர் கண்காணிப்பில்லாமல் தொடக்கூடாது. மாத்திரை மட்டும் போதாது. நேரத்தைத் திட்டமிடும் பயிற்சியும், மனதில் படிந்த கறுப்பைச் சுரண்டும் ஆலோசனையும் வேண்டும். மருந்து தொடங்கிய வாரத்தில் தங்கை போன் செய்தாள். “அக்கா, இன்னைக்குக் குக்கர் விசிலை எண்ணினேன். மூணு. மூணாவதுல இறக்கிட்டேன்” என்றாள். போனைக் கையில் வைத்துக்கொண்டு இருவரும் அழுதோம்.

அதற்காக மறதியெல்லாம் ஏ.டி.எச்.டி. ஆகிவிடாது. மனச்சோர்விலும், பதற்றத்திலும், தைராய்டு குறைந்தாலும், தூங்காவிட்டாலும் கவனம் சிதறும். ஏ.டி.எச்.டி. இருக்கிறது என்று ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ உறுதியாகச் சொல்லாது. டாக்டர் கேட்கும் முக்கியமான கேள்வி, “எப்போதிலிருந்து?” என்பதுதான். இத்தனை வருடம் ஒழுங்காக இருந்த அடுப்பு போன தீபாவளிக்குப் பிறகு அடிப்பிடிக்கிறது என்றால் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். ஏ.டி.எச்.டி. என்றால் அறிகுறிகள் பன்னிரண்டு வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்க வேண்டும் என்கிறது, 2013-ல் வந்த அமெரிக்க மனநலக் கையேடு. அந்த வயதில் வகுப்பில் ஓடுகிற பையனை டாக்டரிடம் கூட்டிப்போகிறோம். ஜன்னலோரம் சத்தமில்லாமல் கனவு காண்கிற பெண் பிள்ளையை விட்டுவிடுகிறோம்.

என் தங்கையின் ஐந்தாம் வகுப்பு ரேங்க் கார்டு அம்மாவின் இரும்புப் பெட்டியில் கிடைத்தது. “கெட்டிக்காரப் பெண். கவனம் போதாது” என்று டீச்சர் சிவப்பு மையில் எழுதியிருந்தார். மூன்று பருவத்துக்கும் அதே வரி.

உங்கள் வீட்டில் யாருக்காவது சோர்வோ பதற்றமோ சிகிச்சைக்குப் பிறகும் திரும்பத் திரும்ப வந்தால், மனநல மருத்துவரிடம் ஏ.டி.எச்.டி. பற்றியும் ஒரு வார்த்தை கேளுங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் அரசின் டெலி மானஸ் எண் 14416. இலவசம், தமிழிலும் பேசலாம். டாக்டரிடம் போகும்போது பழைய ரேங்க் கார்டுகளை மறக்காமல் எடுத்துப் போங்கள். சிகிச்சைக்குப் போகிறவர் மறந்தால், நீங்கள் எடுத்துக் கொடுங்கள்.