பழைய நிரலைச் சுருக்குமுன்

சி பிளஸ் பிளஸ் மொழிக்கு 1998-இல் முதல் நியமம் வகுக்கப்பட்டு, 2011-இல் அது பெரும் மாறுதல் பெற்று, பின்னர் மூன்றாண்டுக்கொருமுறை புதுப்பிக்கப்பட்டு வருவதால், முன்பு பத்து வரிகளில் எழுதிய காரியத்தை இன்று இரண்டே வரிகளில் முடிக்கும் வசதி புரோகிராமர்களுக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் வரி குறைந்தாலும் பொருள் மாறாது என்ற நம்பிக்கையில் பழைய நிரலைத் திருத்தப் புகுவோர், அதை நம்பி அன்றாட அலுவல்களை நடத்தும் ஜனங்களை அவர்கள் அறியாமலே அபாயத்துக்கு உள்ளாக்குகிறார்கள்.

ஆட்டோ பாயின்டரையே எடுத்துக்கொள்வோம். நினைவகத்தில் உள்ள ஒரு பொருளுக்கு ஒரே சொந்தக்காரன் இருக்க வேண்டும் என்ற நல்ல நோக்கத்தோடு ஏற்பட்ட அது, பிரதி எடுத்த மாத்திரத்தில் மூலத்தை வெறுமையாக்கிவிடும் விபரீத சுபாவமும் உடையது. ஆகவே அதை ஒரு ஃபங்ஷனிடம் அப்படியே ஒப்படைத்தால், ஃபங்ஷன் முடிந்ததும் பொருள் அழிந்து, அழைத்த இடத்தில் வெற்றுப் பாயின்டர் மட்டும் மிஞ்சி, அதை மறுபடி பிரயோகிக்கும் வரியில் நிரல் குலைந்துபோகும். 2011-ஆம் ஆண்டு நியமம் அதை விலக்கத்தக்கதென அறிவித்து யூனிக் பாயின்டரை அளித்தது. 2017-இல் ஆட்டோ பாயின்டர் அடியோடு நீக்கப்பட்டது. யூனிக் பாயின்டரைப் பிரதி எடுக்கக் கம்பைலர் சம்மதிக்காது. உரிமையைக் கைமாற்ற விரும்புகிறவர் 'மூவ்' என்று வெளிப்படையாக எழுதியாக வேண்டும். பிழை காட்டிய இடங்களிலெல்லாம் யோசியாமல் 'மூவ்' எழுதிக் கம்பைலரின் வாயை அடைத்துவிட்டால், பழைய ஆபத்து புதிய பெயரில் அப்படியே நிலைத்திருக்கும். பொருளைப் பார்த்துவிட்டு விடுகிற ஃபங்ஷனுக்கு ரெஃபரன்ஸே போதுமானது.

இன்னொன்று மிகவும் சூட்சுமமானது. ஒரு ஃபங்ஷன் திருப்பித் தரும் பூல் வெக்டரிலிருந்து ஓர் உறுப்பை எடுத்து 'பூல்' என்று அறிவித்திருந்த வரியில், நவீனம் என்று கருதி, வகையைக் கம்பைலரே ஊகிக்கும்படி 'ஆட்டோ' என்று மாற்றினால், கையில் வருவது மதிப்பன்று. அந்த வரி முடிந்ததும் அழிந்துபோகும் வெக்டரைச் சுட்டும் ஒரு பிரதிநிதியே. கம்பைலர் பெரும்பாலும் மௌனமாக இருந்துவிடும்.

புதிய நியமத்துக்கு உடனே மாறியாக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் எவருக்கும் இல்லை. எந்த ஆண்டு நியமப்படி தொகுக்க வேண்டும் என்று கம்பைலருக்குச் சொல்லும் உரிமை புரோகிராமருடையது. ஜிபிஎல் உரிமத்தின் கீழ் வந்த நிரலைத் திருத்தவும் பூரண சுதந்திரம் உண்டு; ஆனால் திருத்தியதைப் பிறருக்கு அளிக்கும்போது, மாற்றம் செய்ததையும் அதன் தேதியையும் குறிப்பிட்டு, மூல ஆசிரியர்களின் காப்புரிமைக் குறிப்பைக் காப்பாற்றுவது கடமை.

முன்சொன்ன அபாயங்களுக்குப் பரிகாரம் கடினமானதன்று. ஒரு தடவைக்கு ஒரே வகை மாற்றத்தைச் செய்து, அதைத் தனி கமிட்டாகப் பதிந்து, நிரலைப் பரிசீலிக்கும் கருவியான கிளாங் டைடி காட்டும் யோசனைகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தே ஏற்று, நினைவகப் பிழைகளைக் காட்டும் அட்ரஸ் சானிடைசருடன் டெஸ்டுகளை ஓட்டுங்கள். டெஸ்ட் இல்லாத பகுதிக்கு முதலில் டெஸ்ட் எழுதுங்கள். அதுவரை அந்தப் பகுதியைத் தொடாதீர்கள்.