பண்டிகைத் தட்டில் பற்றீஸ்

விருந்துக்கு அழைத்தவர் விருந்தினரோடு உட்கார்ந்து பேச ஒரு நாழிகையும் வாய்க்காமல், வந்தவர்கள் விடைபெறும் வரையில் அடுக்களையிலேயே நின்று வியர்த்துக்கொண்டிருப்பாரானால், அங்கே பரிமாறப்பட்ட பதார்த்தங்கள் எவ்வளவு ருசியுள்ளனவாக இருந்தபோதிலும், அந்த உபசாரம் பாதி உபசாரமே என்பது என் அபிப்பிராயம். நத்தாரும் புதுவருஷமும் அடுத்தடுத்து வருகின்ற மார்கழி நாட்களில், உற்றாரும் அயலவரும் நேரங்காலம் பாராமல் வந்து போகின்ற வீடுகளிலே, இந்தக் குறையை நாம் வழக்கமாகக் காண்கிறோம். அதற்குப் பரிகாரம் பலகாரத்தைக் குறைப்பதன்று. வேலையில் முக்காற்பங்கை முன்கூட்டியே முடித்துவைக்க இடங்கொடுக்கும் பலகாரத்தைத் தேர்ந்துகொள்வதே. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் பிறந்தநாள், ஞானஸ்நானம், நத்தார் என்று எந்த விசேஷமானாலும் தட்டில் தவறாமல் இடம்பெறுகின்ற பற்றீஸ், அவ்வகைப் பலகாரங்களுள் தலையாயது என்று சொல்லத் துணிகிறேன்.

கோதுமை மாவைக் கொழுப்போடு பிசறிக் குழைத்து, மெல்லிய வட்டங்களாக வெட்டி, உள்ளே உறைப்பான இறைச்சிக் கறியையோ மீன் கறியையோ வைத்துப் பிறைவடிவாக மடித்து, எண்ணெயிற் பொரித்தெடுக்கும் இந்தப் பண்டம் நம்முடைய முன்னோர் ஆதியில் அறிந்ததன்று. 1505 ஆம் ஆண்டில் இலங்கைக் கரையை அடைந்து 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தையும் விழுங்கிய போர்த்துக்கேயர், 1658 இல் அவர்களைத் துரத்திவிட்டு யாழ்ப்பாணக் கோட்டையில் அமர்ந்த ஒல்லாந்தர், 1796 இல் கொழும்பைப் பிடித்த ஆங்கிலேயர் ஆகிய மூவருமே மாவுக்குள் இறைச்சியைப் பொதிந்து சமைக்கும் வழக்கமுடையவர்கள். அவர்களுடைய சம்பிரதாயம் பறங்கியர் வீடுகளின் வழியாக நம்முடைய வீடுகளுக்குள் புகுந்தபோது, தேங்காய்ப்பாலையும் கறித்தூளையும் கறிவேப்பிலையையும் ஏற்றுக்கொண்டு, அந்நியச் சாயல் தோன்றாதபடி இந்த மண்ணுக்குரியதாகவே ஆகிவிட்டது. மலேசியாவில் கறிபாப் என்றும் இந்தோனீசியாவில் பாஸ்தெல் என்றும் வழங்குகின்ற பிறைவடிவப் பொரிபண்டங்கள் இதற்கு நெருங்கிய சகோதரங்கள்.

மாவின் இலட்சணம்

மேல்நாட்டு விருந்துகளில் படைபடையாகப் பிரியும் மாப்பண்டங்களுக்கே மதிப்பு அதிகம். மாவுக்கும் மாவுக்கும் இடையில் வெண்ணெயைப் பரப்பி, மூன்றாக மடித்து மீண்டும் பரப்புகின்ற கிரியையை ஆறு தடவை செய்தால் வெண்ணெய் 729 படைகளாகப் பிரிந்து நிற்கும்; அடுப்பின் சூட்டில் மாவிலுள்ள ஈரம் ஆவியாகி அந்தப் படைகளை ஒவ்வொன்றாக உயர்த்தும். குளிர்தேசத்துக்கு அது பொருத்தமான வித்தைதான். ஆனால் 32 பாகையை நெருங்கும்போதே வெண்ணெய் இளகிவிடுவதாலும், நம்முடைய அடுக்களைகளோ பகலில் 30 பாகையை அனாயாசமாக எட்டிவிடுவதாலும், இங்கே அந்த முயற்சி பெரும்பாலும் வீண் பிரயாசையாகவே முடியும். பற்றீஸ் மாவுக்கு இவ்வளவு நுட்பம் வேண்டியதில்லை. கொழுப்பைத் தனிப் படையாக நிறுத்தாமல் மாவோடு முற்றும் கலந்துவிடுவதே அதன் முறையாதலால், நம்முடைய வெப்பத்திலும் புதிதாகப் பழகுகிறவர்களின் கையிலும் அது கெடுவதில்லை.

ஏறக்குறைய 50 பற்றீசுக்கு 500 கிராம் கோதுமை மாவும், 125 கிராம் குளிர்ந்த வெண்ணெய் அல்லது கட்டியான மாஜரீனும், இரண்டு முட்டையின் மஞ்சட்கருவும், ஒரு தேக்கரண்டி உப்பும், அதே அளவு தேசிக்காய்ப் புளியும், 150 மில்லிலீற்றர் கட்டித் தேங்காய்ப்பாலும் போதுமானவை. உப்பிட்டு அரித்த மாவில் வெண்ணெயைச் சிறு துண்டுகளாக வெட்டிப் போட்டு, உள்ளங்கை படாமல் விரல்நுனிகளால் மட்டும் பிசறிக்கொண்டு வந்தால், மா குருணையைப்போல் உதிரும் பதத்தை அடையும். மாவின் மணிகளைக் கொழுப்பு போர்த்துக்கொள்ளவே, பின்னர் ஈரம் சேரும்போது அதன் புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்து நீண்ட வலையாக வளர்வது தடைப்படுகிறது. கடித்தால் இழுபடாமல் பொருபொருவென்று உடைகின்ற குணம் இந்தத் தடையிலிருந்துதான் உண்டாகிறது. பிறகு மஞ்சட்கருவையும் புளியையும் பாலையும் கலந்து சிறிது சிறிதாகத் தெளித்து, மா ஒன்றுகூடியதும் நிறுத்திவிட வேண்டும். ரொட்டிக்குக் குழைப்பதுபோல் அழுத்திப் பிசைகிறவர்கள், கொழுப்பு செய்த உபகாரத்தைத் தம்முடைய கைப்பலத்தாலேயே அழித்துவிடுகிறார்கள். குழைத்த மாவை ஈரத்துணியால் மூடி, அரைமணி நேரமேனும் குளிரில் இளைப்பாற விட்டால், பரப்பும்போது சுருங்காமல் இணங்கிக் கொடுக்கும்.

உள்ளீட்டுக் கறி

மா சாதுவானது, உள்ளே வைக்கின்ற கறிதான் வீட்டுக்காரரின் கைப்பக்குவத்தைக் காட்டுவது. 400 கிராம் கொத்திய ஆட்டிறைச்சிக்கு 250 கிராம் அவித்த உருளைக்கிழங்கு என்பது நல்ல கணக்கு. தாச்சியில் சிறிது எண்ணெய் விட்டு, பெருஞ்சீரகம், கறிவேப்பிலை, றம்பைத் துண்டு ஆகியவற்றைத் தாளித்து, பொடியாக அரிந்த வெங்காயமும் பச்சைமிளகாயும் இஞ்சியும் உள்ளியும் வதங்கிய பின்னர் இறைச்சியைச் சேர்த்து, இரண்டு மேசைக்கரண்டி யாழ்ப்பாணக் கறித்தூளும் அளவான உப்பும் இட்டு, இறைச்சி விடுகின்ற தண்ணீர் முழுவதும் வற்றும்வரை பிரட்ட வேண்டும். கடைசியில் கிழங்கை உதிர்த்துப் போட்டு, அடுப்பிலிருந்து இறக்கிய பின் தேசிக்காய்ப் புளி விடலாம். கிழங்கு எண்ணிக்கையை நிரப்புவதற்காக மாத்திரம் சேர்க்கப்படுவதன்று. அதிலுள்ள மாச்சத்து எஞ்சிய ஈரத்தை உறிஞ்சிக் கறியை ஒன்றாகப் பற்றிக்கொள்கிறது.

இந்தக் கறி இரண்டு நிபந்தனைகளுக்கு உட்பட்டது: ஈரமில்லாதிருக்க வேண்டும், ஆறியிருக்க வேண்டும். ஈரமிருந்தால் கொதிக்கின்ற எண்ணெயில் அது ஆவியாகி விளிம்பைப் பிளந்துகொண்டு வெளியேறும், எண்ணெய் உள்ளே புகும். சூடாயிருந்தால் மாவிலுள்ள கொழுப்பை உருக்கிப் பொரிப்பதற்கு முன்னதாகவே மாவைத் தளர்த்திவிடும். பற்றீஸ் வெடித்துப்போயிற்று என்று மாவைக் குறைகூறுகின்ற பலர், குற்றம் கறியினுடையது என்பதை உணர்வதில்லை.

இறைச்சி வாங்கவோ கொத்தவோ அவகாசமில்லாதவர்களுக்கு ரின்மீன் நல்ல துணை. 425 கிராம் ரின் ஒன்றின் நீரை வடித்து, முள்ளை நீக்கி உதிர்த்துக்கொண்டால், மேற்சொன்ன முறையிலேயே கால்மணி நேரத்தில் கறி தயாராகும். மரக்கறி உண்போருக்காக லீக்ஸையும் கரட்டையும் மெல்லியதாக அரிந்து, நன்றாக வதக்கித் தண்ணீர் வற்றவைத்துக் கிழங்கோடு சேர்க்கலாம். அதற்கான மாவில் முட்டையை விலக்கிப் பாலின் அளவைச் சற்றுக் கூட்டிக்கொண்டால் போதும். இரண்டு வகையையும் ஒரே தட்டில் வைப்பவர்கள் மரக்கறிப் பற்றீஸின் விளிம்பை முள்ளுக்கரண்டியால் அழுத்தியும், மற்றதன் விளிம்பைக் கையால் முறுக்கியும் அடையாளம் செய்துவிட்டால், விருந்தினர் கேட்டுக் கேட்டு எடுக்க வேண்டிய சங்கடம் இராது.

பொரிக்கும் பதம்

இளைப்பாறிய மாவைச் சிறு பகுதிகளாக எடுத்து, உருளைக்கட்டையால் இரண்டு மில்லிமீற்றர் தடிப்பிற் பரப்பி, மூன்றரை அங்குல வாயுள்ள பேணியைக் கவிழ்த்து வட்டங்களாக வெட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு மேசைக்கரண்டிக்கு மேற்படாமல் கறியை வைத்து, விளிம்பில் முட்டையின் வெண்கருவையோ தண்ணீரையோ தடவி, உள்ளே காற்று தங்காதபடி மடித்து அழுத்துவது முக்கியம். எண்ணெயின் சூடு 175 பாகை அளவில் இருப்பது உத்தமம். வெப்பமானி இல்லாத வீடுகளில், மாத்துணுக்கொன்றைப் போட்டுப் பார்த்தால், அது அடியில் தங்காமலும் உடனே கருகாமலும் குமிழியோடு மேலெழுவதே சரியான அடையாளம். சூடு குறைந்தால் மா எண்ணெயைக் குடிக்கும். மிகுந்தால் வெளிப்புறம் சிவந்தும் உட்புறம் வேகாமலும் போகும். ஒரே தடவையில் பலவற்றை இட்டால் எண்ணெய் குளிர்ந்துவிடுமாகையால், ஐந்தாறாகப் பொரித்தெடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிக்காமல் பரப்பி வைக்க வேண்டும். குவித்த பற்றீஸ் தன் ஆவியிலேயே நனைந்து மொறுமொறுப்பை இழக்கும். எண்ணெய் ஆகாதவர்கள் மஞ்சட்கருவை மேலே பூசி, 200 பாகைச் சூடுள்ள போறணையில் 20 முதல் 25 நிமிஷம் வரை வைத்தெடுக்கலாம். ருசி சற்று வேறுபட்டாலும் குறைவுபடுவதில்லை.

இதன் தலையாய அனுகூலம் வேலையைப் பங்கிட இடங்கொடுப்பதே. முந்திய நாள் மாலையில் கறியைச் சமைத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிடலாம். மாவையும் அப்பொழுதே குழைத்து மூடிவைக்கலாம். விசேஷநாள் காலையில், வீட்டிலுள்ள பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, ஒருவர் பரப்ப, ஒருவர் வெட்ட, ஒருவர் மடிக்க, ஒருமணி நேரத்தில் அத்தனையும் முடிந்துவிடும். மாலையில் விருந்தினர் வரத் தொடங்கும்போது மிஞ்சியிருப்பது பொரிப்பது ஒன்றே. இன்னும் முன்யோசனையுள்ளவர்கள் மடித்த பற்றீஸை ஒட்டாமல் பரப்பி உறையவைத்துப் பின் பையிலிட்டு ஒரு மாதம் வரையில் பாதுகாக்கிறார்கள். ரோல்ஸ் இதைவிடப் பெருமையுடையதாக எண்ணப்பட்டாலும், அப்பஞ்சுட்டு, சுருட்டி, முட்டையில் தோய்த்து, ரஸ்க் தூளிற் புரட்டிப் பொரிக்கும் வேலையை நினைத்தால், ஆளுதவி குறைந்த வீட்டுக்கு அது உகந்ததன்று. கனடாவின் ஸ்காபரோவிலும் பாரிஸின் லா சப்பலிலும் நம்மவர் கடைகளில் இரண்டையுமே வாங்கலாம் என்பது உண்மையே. ஆயினும் பொரித்துப் பலமணி நேரமான பற்றீசுக்கும், அப்பொழுதுதான் எண்ணெயிலிருந்து எடுத்ததற்கும் உள்ள தூரம் பெரிது.

இறைச்சியும் மீனும் உள்ளே இருப்பதால், பொரித்தவற்றை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைத்திருப்பது நல்லதன்று. வருகிறவர்களின் தொகையைப் பார்த்து அவ்வப்போது பொரிப்பதே சுகத்துக்கும் ருசிக்கும் பொருந்தும். ஆகவே, வருகின்ற நத்தாருக்குப் பத்துவகைப் பலகாரம் செய்து களைத்துப்போவதை விடுத்து, பற்றீஸ் ஒன்றையே நிறையச் செய்து பாருங்கள். தட்டை வைத்துவிட்டு நீங்களும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருங்கள். பக்குவத்தைப் பாராட்டுகிறவர்களின் வார்த்தையைக் கேட்பதற்காவது வீட்டுக்காரர் அந்த இடத்தில் இருக்க வேண்டாமா?