தொய்வு நோயில் அடினோசினின் பங்கு

புத்தளம் மாவட்டக் கடற்கரையில், நுரைச்சோலையில் 2011 இல் மின் பிறப்பிக்கத் தொடங்கி இன்று 900 மெகாவாற்றுத் திறனை எட்டியுள்ள லக்விஜய மின் நிலையத்தின் நிலக்கரித் தூசும் சாம்பலும் காற்றோடு குடிமனைகளுக்குள் வருவதாக அயலவர் நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர். தூசு தொய்வு நோயாளரின் மார்பை இறுக்கும் வழிகள் பல. அவற்றுள் அடினோசின் என்னும் சிறு மூலக்கூறு வழியாக நிகழ்வது அதிகம் பேசப்படாதது.

கலங்கள் தம் சக்தியை ஏடிபி என்னும் சேர்வையில் சேமிக்கின்றன. சுவாசக்குழாயின் உட்படலம் காயப்படும்போது ஏடிபி வெளியே கசிய, கலங்களின் மேற்பரப்பிலுள்ள நொதியங்கள் அதன் பொஸ்பேற்றுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட, எஞ்சுவதே அடினோசின். 1983 இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் ஹோல்கேட் குழுவினர் அதை மூச்சோடு உள்ளிழுக்கச் செய்தபோது தொய்வுள்ளோரின் சுவாசக்குழாய்கள் சுருங்கின, ஏனையோருக்கு ஒன்றும் நேரவில்லை. அமைப்பில் அதை ஒத்த குவானோசினோ தொய்வுள்ளோரிடமும் எவ்விளைவையும் தரவில்லை. சில ஆண்டுகளின் பின், ஹிஸ்டமினின் செயலை மறிக்கும் டெர்பெனடின் மருந்தை முன்கூட்டிக் கொடுத்தபோது இச்சுருக்கம் பெருமளவு குறைந்தது. அடினோசின் தசையை நேரே சுருக்கவில்லை, இடையில் ஹிஸ்டமினை வெளியிடும் ஒரு கலம் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அக்கலமே 1878 இல் போல் ஏர்லிச் விவரித்த மாஸ்ட் கலம். ஹிஸ்டமின் நிறைந்த சிறுமணிகள் செறிந்த இக்கலம், ஒவ்வாமை உள்ளவரிடம் ஐஜிஈ பிறபொருளெதிரியைத் தாங்கி ஏற்கெனவே தூண்டப்படும் நிலையில் இருக்க, அடினோசின் அதன் மேற்பரப்பிலுள்ள வாங்கிகளில் பொருந்துகிறது. மனிதரில் இவற்றுள் முதன்மையானது ஏ2பி எனக் கருதப்படுகிறது. அது தூண்டப்பட்டதும் கலத்தினுள் கல்சியம் உயர்ந்து, சிறுமணிகள் கலமென்சவ்வோடு இணைந்து ஹிஸ்டமினைக் கொட்ட, மழமழப்பான தசை சுருங்கி, படலம் வீங்கி, சளி பெருகுகிறது. எலிகளிலோ ஏ3 என்னும் வேறொரு வாங்கியே முன்னிற்பதால், எலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்த முடியாது.

அல்பிரெக்ட் கொசெல் 1888 இல் தேயிலையிலிருந்து பிரித்தெடுத்த தியோபிலின், தொய்வுக்கு நீண்டகாலம் கொடுக்கப்பட்டுவந்த மருந்து. அதன் செயல்களுள் ஒன்று இவ்வாங்கிகளை மறிப்பது. ஆனால் குணமாக்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறுகியது. மறுபுறம், சிலவகை மிகைவேக இதயத் துடிப்பை அடக்க மருத்துவமனைகளில் அடினோசின் நாளத்தில் ஏற்றப்படுகிறது. தொய்வுள்ளவருக்கு அது மூச்சுத்திணறலைத் தூண்டக்கூடும், தியோபிலின் உட்கொள்பவரிடமோ அதன் பயன் குறையக்கூடும் என்பதால், இரண்டையும் வைத்தியர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.