உடைக்கும் முன் அளந்து பாருங்கள்!

ராத்திரி நிரப்பி வைத்த மாடி டேங்க், விடிந்து பார்த்தால் முக்கால்தான் இருக்கிறது. குழாய் எதுவும் சொட்டவில்லை, சுவரிலும் ஈரமில்லை. அவசரப்பட்டு டைல்ஸை உடைத்தால் கை காசுதான் கரையும். ஒழுகலைக் கண்ணால் தேடுவதைவிட அளவால் தேடுவது சுலபம்.

வீட்டில் ஒரு கோடு

படுக்கப்போகும் முன் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, தண்ணீர் நிற்கும் மட்டத்தில் தொட்டியின் உள்சுவரில் கோடு போடுங்கள். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலமுள்ள சிமென்ட் தொட்டியில் 1 செ.மீ. இறங்கினால் 10 லிட்டர் போயிருக்கிறது என்று அர்த்தம். 8 மணி நேரத்துக்கு 10 லிட்டர் என்றால், மாதத்துக்கு 900 லிட்டர். ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த 2019 ஜூலையை மறக்காத சென்னைவாசிக்கு இது சின்னக் கணக்கல்ல.

மறுநாள் ராத்திரி, டேங்கிலிருந்து இறங்கும் கேட் வால்வுகளையும் மூடிப் பாருங்கள். அப்போதும் மட்டம் இறங்கினால் கோளாறு தொட்டியில் அல்லது வால்வுக்கு முந்தைய இணைப்பில். இறங்காவிட்டால் ஒரு நாளைக்கு ஒரு லைனாகத் திறந்து வாருங்கள். எந்த லைன் என்று தெரிந்துவிடும்.

பாத்ரூம் லைன் என்றால் முதல் சந்தேகம் ஃபிளஷ் டேங்க் மேல்தான். அதில் ஒரு சிட்டிகை கேசரி பவுடரைக் கரைத்துவிட்டு, அரை மணி நேரம் யாரும் ஃபிளஷ் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோப்பையில் நிறம் இறங்கினால், அடி ரப்பர் தேய்ந்திருக்கிறது அல்லது மிதவை சரியாக மூடவில்லை. உடைக்க வேண்டியது எதுவுமில்லை. உதிரி பாகத்தை மாற்றினால் போதும்.

டேங்கில் மட்டம் குறையவே இல்லை, ஆனால் கீழ்வீட்டுக் கூரையில் ஓதம் ஏறுகிறதா? அப்படியானால் கழிவுநீர் லைனையும், பாத்ரூம் தரையில் தண்ணீர் இறங்கும் நஹானி டிராப்பையும் பாருங்கள். மழைக்காலத்தில் மட்டும் வரும் ஓதம் என்றால் மொட்டை மாடித் தளத்தைக் கவனிக்க வேண்டும்.

தோட்டத்தில் ஒரு டம்ளர்

சொட்டுநீர்ப் பாசனத்திலும் இதே கணக்குதான். மணிக்கு 4 லிட்டர் விடும் டிரிப்பர் 3 நிமிடத்தில் 200 மி.லி. தர வேண்டும். பக்கக் குழாயின் தொடக்கத்திலும் நடுவிலும் கடைசியிலும் டிரிப்பருக்கு அடியில் டம்ளர் வையுங்கள். கடைசி டம்ளர் பாதிகூட நிரம்பவில்லை என்றால் வழியில் ஓட்டையோ அடைப்போ இருக்கிறது.

எது என்பதை பிரஷர் கேஜ் சொல்லும். ஃபில்டரைக் கழுவிய பிறகும் முள் வழக்கமான அளவுக்கு எழவில்லை என்றால் ஓட்டை. வழக்கத்துக்கு மேல் ஏறினால் டிரிப்பர்களில் அடைப்பு. ஓட்டை என்றால் குழாயோரமாக நடந்து பாருங்கள். கோரை மட்டும் தனியாகச் செழித்திருக்கும் இடத்தில் மண்ணைத் தள்ளினால் கசியும் இணைப்பு தெரியும். கோடையில் அணிலும் எலியும் தண்ணீருக்காகக் குழாயைக் கடிப்பது வழக்கம். கடித்த இடத்தை வெட்டிவிட்டு ஜாயினர் போடலாம்.

போட்டதும் வேலை முடிந்ததென்று வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். ஓட்டை அடைபட்டால் குழாயில் அழுத்தம் கூடும். அதுவரை தாக்குப்பிடித்த இன்னொரு இணைப்பு பிடுங்கிக்கொள்ளும். மோட்டாரை ஓடவிட்டு இன்னொரு சுற்று நடந்துவிட்டுக் கிளம்புங்கள்.