செப்புத் தகட்டில் பனிமலை

நிழற்படக் கருவி தோன்றுவதற்கு முன்பு, எட்டாத் தொலைவிலுள்ள இடங்களின் தோற்றத்தை மக்கள் எங்ஙனம் அறிந்தனர்? கடற்பயணம் செல்வோருடன் ஓவியர் ஒருவரும் சென்றார். அவர் வரைந்து கொணர்ந்த காட்சிகள் செப்புத் தகட்டிலே செதுக்கப்பெற்று, பயண நூல்களில் அச்சாயின. அத்தகைய படம் ஒன்றனை ஈண்டுக் காண்போம்.

1772ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், கப்பல் தலைவர் ஜேம்ஸ் குக், ‘ரெசல்யூஷன்’, ‘அட்வெஞ்சர்’ என்னும் இரு கப்பல்களுடன் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டார். தென்கோடியில் பெருங்கண்டம் ஒன்று உண்டென அக்காலப் புவிநூலார் பலர் நம்பினர். அஃது உண்மைதானா என ஆராய்வதே பயணத்தின் நோக்கம். வில்லியம் ஹாட்ஜஸ் என்னும் ஓவியர் உடன் சென்றார். பின்னர் 1780இல் சென்னைக்கு வந்து, இந்தியக் காட்சிகளை வரைந்தவரும் இவரே.

1773 ஜனவரி 9ஆம் நாள், கடலில் மிதந்த பனிமலை ஒன்றன் அருகே கப்பல்கள் நின்றன. குடிநீர் வேண்டியிருந்தது. மூன்று படகுகளில் இறங்கிய மாலுமிகள், மலையைச் சுற்றி மிதந்த பனிக்கட்டிகளை வாரிச் சேர்த்தனர். ஐந்தாறு மணி நேரத்தில், 15 டன் நன்னீர் தரத்தக்க பனிக்கட்டி கிடைத்தது. உவர்க்கடலின் நடுவே நன்னீர் எவ்வாறு வந்தது? அம்மலை கடல்நீர் உறைந்து உண்டானதன்று. நிலத்தின்மீது நெடுங்காலம் பெய்து இறுகிய பனியே உடைந்து கடலில் வீழ்ந்து மிதந்து வந்தது.

இக்காட்சியைத் தகட்டில் செதுக்கியவர் பவுன்சி என்பவர். அவர் அப்பயணத்தில் சென்றவர் அல்லர். ஹாட்ஜஸின் ஓவியமே அவருக்குக் கண்ணாயிற்று. செதுக்குவோர் கூரிய உளியாலோ, திராவகத்தாலோ செம்பில் கோடுகளை அமைப்பர். தகடு முழுதும் மையைத் தடவி, மேற்பரப்பைத் துடைத்து விடுவர். பள்ளங்களில் மட்டும் மை தங்கும். ஈரத்தாளை அதன்மேல் வைத்து உருளைகளுக்கிடையே அழுத்த, மை தாளில் ஏறும். இடம் வலமாக மாறிப் பதியுமாதலால், காட்சியைத் திருப்பியே செதுக்குதல் வேண்டும்.

கோடில்லாத இடம் வெண்மையாகவே நிற்கும். ஆகவே, பனியைக் காட்ட விரும்புவோன் பனியைச் செதுக்குவதில்லை! வானையும் கடலையும் நெருங்கிய கோடுகளால் இருளச் செய்கிறான். பனியின் நிழலுக்கெனச் சில மெல்லிய கோடுகளை மட்டும் இடுகிறான். எஞ்சிய இடத்தைத் தொடாது விடுகிறான். அவ்வெறுந்தாளே மலையாக எழுகிறது. எங்குக் கை வைக்கலாகாது என்று அறிவதே இதில் அரிய திறம் என்பேன்.

இத்தகைய படங்களை முற்றும் நம்பலாமா? அழகு கருதி உயரத்தைக் கூட்டுவதும், வெவ்வேறு நாளிற் கண்டவற்றை ஒரு காட்சியில் சேர்ப்பதும் அக்காலத்து வழக்கமே. நல்லூழாக, ஹாட்ஜஸ் மையால் தீட்டிய பனிமலைக் காட்சிகள் சில ஆஸ்திரேலியாவின் சிட்னி நகர நூலகத்தில் உள்ளன. அவற்றை அச்சுப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

குக்கின் பயண நூல் 1777இல் இப்படத்துடன் வெளிவந்தது. அவர் தென்துருவ வட்டத்தை மும்முறை கடந்தும், தேடிய கண்டத்தைக் காணவில்லை; 1820இல்தான் அது பிறர் கண்ணிற் பட்டது. ஆயினும் படத்திலுள்ள பனி, அக்கண்டத்திலிருந்து உடைந்து வந்ததே. அவர்தம் மாலுமிகள் அதனை உருக்கிப் பருகினர்.