சிறு ராக்கெட்டைப் பெரிதாக்குதல்

தீபாவளி இரவில் ஆகாயவாணம் ஒன்று சீறிக்கொண்டு மேலே செல்வதைக் கண்டு மகிழாதார் நம்முள் எவருமிலர். அவ்வாணத்தோடு நீண்டதொரு குச்சி கட்டப்பட்டிருப்பதையும் நாம் கண்டிருக்கிறோம். அக்குச்சி எதன்பொருட்டு என்று வினவினால், வாணத்தைப் புட்டியில் நிறுத்துவதற்கு என்றே பலர் விடை கூறுவர். அது முழு விடையன்று. குச்சியை ஒடித்துவிட்டுக் கொளுத்தினால் வாணம் நேரே மேற்செல்லாது. சுழன்று, எதிர்பாராத திசையிற் பாயும். இனி, அவ்வாணத்தைப் பத்து மடங்கு பெரிதாகச் செய்ய விரும்பும் ஒருவன், அதன் ஒவ்வோர் அளவையும் பத்தாற் பெருக்கினாற் போதுமோ? சிறியதொன்றைப் பெரிதாக்கும்போது எவை மிகுதியாய் வளர்கின்றன, எவை பின்தங்குகின்றன என்பதை, அமெரிக்காவிற் பொழுதுபோக்காகவும் கல்வியாகவும் கையாளப்படும் மாதிரி ராக்கெட்டுகளைக் கொண்டு விளக்குவதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

மாதிரி ராக்கெட் என்பது மிக எளிய பொருள். காகிதக் குழல், முகப்பிற் பொருத்திய கூம்பு, பல்ஸா என்னும் மெல்லிய மரத்தாலான சிறகுகள், மருந்தடைத்த சிறு மோட்டார், மடித்து வைத்த பாரசூட் ஆகிய ஐந்துமே அதன் முக்கிய உறுப்புகள். வாணத்தின் குச்சி செய்யும் வேலையை இதிற் சிறகுகள் செய்கின்றன. 1954ஆம் ஆண்டில் நெப்ராஸ்கா மாகாணத்தைச் சேர்ந்த ஆர்வில் கார்லைல் என்னும் செருப்பு வியாபாரி, வாண வேடிக்கையில் தமக்கிருந்த பழக்கத்தைக் கொண்டு இதனை முதலில் அமைத்தார். மின்சாரத்தாற் பற்றவைத்தவுடன் மருந்து ஓரிரு விநாடிகள் எரிந்து ராக்கெட்டை உந்துகிறது. பின்னர்த் தாமத மருந்து மெல்ல எரிகிறது. அதற்குள் ராக்கெட் தன் வேகத்தாலேயே உச்சியை அடைகிறது. அப்போது மூன்றாவதாக உள்ள சிறிதளவு மருந்து வெடித்து, கூம்பையும் பாரசூட்டையும் வெளியே தள்ளுகிறது. ராக்கெட் மெதுவாக இறங்குகிறது. புது மோட்டார் இட்டு மறுபடியும் விடலாம்.

இவ்வமைப்பு தோன்றிய காலம் மிகவும் பொருத்தமானது. 1957ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ரஷ்யர் ஸ்புட்னிக் என்னும் செயற்கைச் சந்திரனை வானிற் செலுத்தியபின், அமெரிக்க இளைஞர் பலர் இரும்புக் குழாய்களில் தாமே கலந்த மருந்தை இடித்து நிரப்பி ராக்கெட் விடத் தலைப்பட்டனர். குழாய்கள் வெடித்து விரல்களையும் கண்களையும் இழந்தவர்கள் உண்டு, உயிரிழந்தவர்களும் உண்டு. மருந்தைக் கையாற் கலவாமல் தொழிற்சாலையிற் செய்த மோட்டாரை வாங்குதல், உடலில் உலோகத்தை விலக்குதல், மின்சாரத்தால் தூர நின்று கொளுத்துதல் என்னும் விதிகளே இவ்விளையாட்டைக் காப்பாற்றின.

ஒரு சிறு ராக்கெட் நன்றாகப் பறந்துவிட்டால், அதே உருவத்தைப் பெரிதாகச் செய்து பார்க்கவேண்டும் என்ற ஆசை எழுவது இயல்பு. இங்கேதான் இயற்கை ஒரு தடையை வைத்திருக்கிறது. 1638ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் கலிலியோ இதனை எடுத்துக்காட்டினார். ஒரு பொருளின் நீளத்தை மும்மடங்காக்கினால், அதன் மேற்பரப்பு ஒன்பது மடங்காகிறது. கன அளவோ இருபத்தேழு மடங்காகிறது. பரப்பு நீளத்தின் வர்க்கத்தையும், நிறை அதன் கனத்தையும் பின்பற்றி வளர்கின்றன என்பதே இதன் சாரம்.

இதனை ஓர் உதாரணத்தாற் காண்போம். 2 அடி நீளமும் 2 அவுன்ஸ் நிறையும் உடைய ராக்கெட் ஒன்று 18 அங்குலக் குறுக்களவுள்ள பாரசூட்டில் இறங்குகிறது என்று கொள்வோம். குழலின் கனம் உட்பட எல்லாவற்றையும் அதே பொருள்களால் மும்மடங்காக்கினால், நீளம் 6 அடியாகும். நிறை 54 அவுன்ஸ், அதாவது 3 ராத்தல் 6 அவுன்ஸ் ஆகும். பாரசூட்டும் 54 அங்குலமாகும். ஆனால் அதன் பரப்பு ஒன்பது மடங்கே. ஆகவே பாரசூட்டின் ஒவ்வொரு சதுர அங்குலமும் முன்னைவிட மும்மடங்கு பாரத்தைத் தாங்கவேண்டும். இறங்கும் வேகம் ஏறக்குறைய 1.7 மடங்காகும். நிறை இருபத்தேழு மடங்கு, வேகத்தின் வர்க்கம் மூன்று மடங்கு; ஆகவே தரையில் மோதும் ஆற்றல் எண்பத்தொரு மடங்கு! சிறிய ராக்கெட்டிற்குப் புல்தரையில் ஒரு கீறலும் உண்டாக்காத இறக்கம், பெரியதன் சிறகுகளை முறித்துவிடும். முன்போல மெதுவாய் இறங்கவேண்டுமாயின், பாரசூட்டின் குறுக்களவு 54 அன்று, சுமார் 94 அங்குலம் இருத்தல் வேண்டும்.

வேறொரு வழியும் உண்டு. குழலின் கனத்தை மும்மடங்காக்காமல் முன்போலவே வைத்துக்கொண்டால், நிறை ஒன்பது மடங்கே ஆகும். ஆனால் அத்துணை மெல்லிய குழல் பெரிய மோட்டாரின் உந்துதலைத் தாங்காமல் நசுங்கிவிடும். மிகக் கனமாயின் எழாது, மிக மெலிதாயின் நிலைக்காது. இவ்விரண்டுக்கும் நடுவே வழி காண்பதே செய்வோனின் திறமை. இக்காரணத்தால் பெரிய ராக்கெட் செய்வோர் பொருள்களையே மாற்றுகின்றனர். பல்ஸாவிற்குப் பதிலாகப் பிளைவுட் பலகை வருகிறது. காகிதக் குழலின்மேற் கண்ணாடியிழைத் துணியைப் பிசினோடு சுற்றுகின்றனர். சிறிய ராக்கெட்டிற் சிறகைக் குழலின் மேற்புறத்தில் ஒட்டினாற் போதும். பெரியதிலோ குழலைக் கீறி, சிறகின் அடியை உள்ளே செலுத்தி, நடுவிலுள்ள மோட்டார்க் குழலோடும் சேர்த்து ஒட்டவேண்டும். இன்றேல் விரைந்து செல்லும்போது காற்றின் வேகத்தாற் சிறகு கொடிபோல் நடுங்கிப் பிய்ந்துபோம்.

இனி நேராகச் செல்லுதலைப் பற்றிக் கூறுவோம். ராக்கெட்டின் நிறை முழுவதும் ஓரிடத்தில் குவிந்ததுபோல் நிற்கும் புள்ளி புவியீர்ப்பு மையம். பக்கத்திலிருந்து தாக்கும் காற்றின் விசை முழுவதும் குவிந்ததுபோல் நிற்கும் புள்ளி அழுத்த மையம். முன்னது கூம்பின் பக்கமும், பின்னது சிறகுகளின் பக்கமும் இருக்கவேண்டும். இரண்டிற்கும் இடையே ராக்கெட்டின் குறுக்களவேனும் இடைவெளி வேண்டுமென்பது வழக்கமான விதி. அப்போது ராக்கெட் சற்றுச் சாய்ந்தாலும், காற்றே அதன் வாலைத் தள்ளி நேர்ப்படுத்தும். காற்றுத் திசைகாட்டி திரும்புவதும் இவ்வாறே. சிறிய ராக்கெட்டாயின், புவியீர்ப்பு மையத்திற் கயிற்றைக் கட்டித் தலைக்குமேற் சுழற்றிப் பார்க்கலாம். கூம்பு முன்னோக்கிச் சென்றால் அது நேரே பறக்கும். ஆனால் ஆறடி ராக்கெட்டைக் கயிற்றிற் கட்டிச் சுழற்றுவார் யார்? பெரிதாக்கியவுடன் கண்ணாற் காணும் சோதனை கைவிட்டுப் போகிறது. கணக்கு ஒன்றே துணையாகிறது. நல்லூழாக, ஜேம்ஸ் பாரோமன் என்பவர் கூம்பு, குழல், சிறகு ஆகியவற்றின் அளவுகளிலிருந்தே அழுத்த மையத்தைக் காணும் சூத்திரங்களை 1966ஆம் ஆண்டில் இவ்விளையாட்டினருக்கு அளித்தார். பள்ளிக் கணிதமே அதற்குப் போதுமானது. பெரிய ராக்கெட்டின் வாலிற் கனமான மோட்டாரை வைக்கும்போது புவியீர்ப்பு மையம் பின்னே நகர்ந்துவிடும். அதற்கு ஈடாகக் கூம்பில் ஈயம் முதலிய பாரத்தை வைக்கவேண்டும். பாரம் கூடினால் உந்துதலும் கூடவேண்டும், பாரசூட்டும் வளரவேண்டும். ஒன்றைத் தொட்டால் மற்றெல்லாம் அசைகின்றன.

மோட்டார்களை அவற்றின் மொத்த உந்துகையைக் கொண்டு ஆங்கில எழுத்துக்களால் வகுத்துள்ளனர். ஏ வகையின் உச்ச அளவு 2.5 நியூட்டன்-விநாடி, பி வகைக்கு 5, சி வகைக்கு 10 என ஒவ்வோர் எழுத்திற்கும் அளவு இரட்டிக்கும். எழுத்து ஒன்று ஏறுவது சிறிதுபோல் தோன்றினும், பத்து எழுத்து ஏறினால் வலிமை ஆயிரம் மடங்கிற்கு மேலாகிறது. ராக்கெட்டின் நிறையைவிட உந்துவிசை மும்மடங்கேனும் இருத்தல் வேண்டும் என்பது 1957இல் அமைந்த அமெரிக்கத் தேசிய ராக்கெட் சங்கத்தின் விதி. உந்துவிசை குறைந்தால், ஏவுகம்பியை விட்டு நீங்கும்போது சிறகுகளுக்கு வேண்டிய வேகம் இராது; ராக்கெட் காற்றின் பக்கம் சாய்ந்து ஓடும்.

இவை யாவற்றையும் ஒருங்கே காட்டும் சான்று 2009ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. 1969இல் மனிதர் முதன்முதற் சந்திரனில் இறங்குவதற்கு ஊர்தியாயிருந்த ஸாட்டர்ன் 5 என்னும் ராக்கெட், 363 அடி உயரமும் அடியில் 33 அடிக் குறுக்களவும் உடையது. அதனை நூற்றிலொரு பங்காக்கிய மாதிரிகளைக் கடையில் வாங்கலாம். அவை மூன்றரை அடிக்குச் சற்று மேற்பட்டவை. ஒஹாயோ மாகாணத்தில் மோட்டார் வண்டிகளின் உடற்பகுதியைச் செப்பனிடும் தொழிலுடைய ஒருவர், அதனைப் பத்திலொரு பங்கு அளவிற் செய்யத் துணிந்தார். அவர் செய்தது 36 அடிக்கு மேல் உயர்ந்து, 1,648 ராத்தல், அதாவது ஏறக்குறைய 750 கிலோகிராம் நிறையுடையதாயிற்று.

மெய்யான ஸாட்டர்னின் சிறகுகள் மிகச் சிறியவை. அதன் அடித்தட்டிலுள்ள ஐந்து எஞ்சின்களில் வெளிப்புற நான்கும் திரும்பி அதனை நேர்ப்படுத்தின. மாதிரி ராக்கெட்டுகளில் அவ்வசதி வழக்கமில்லை. எனவே இவ்வுருவத்தைச் செய்வோர்க்கு மேலே கூறிய மையங்களின் கணக்கு மிகக் கடினமாகிறது. இவர் எட்டு என் வகை மோட்டார்களையும் அவற்றினும் மிகப் பெரிய 77,000 நியூட்டன்-விநாடி மோட்டார் ஒன்றையும் பொருத்தினார். எட்டும் தனித்தனியே 13,000 நியூட்டன்-விநாடி உடையவை. மொத்தம் 1,81,000, இது 72,400 ஏ மோட்டார்களுக்குச் சமம். மேற்கூறிய மும்மடங்கு விதியின்படி பார்த்தால், இத்துணை பாரத்திற்கு ஏறக்குறைய 5,000 ராத்தல் உந்துவிசை வேண்டும். ஒன்பதும் ஒருங்கே பற்றவேண்டும். ஒரு பக்கத்தில் ஒன்றிரண்டு பற்றாமற்போனால் ராக்கெட் அப்பக்கம் சாயும்.

2009 ஏப்ரல் 25ஆம் நாள், மேரிலாந்து மாகாணத்தில் பிரைஸ் என்னும் ஊருக்கருகே உள்ள பண்ணை நிலத்தில், பார்வையாளரைத் தொலைவில் நிறுத்தி அதனை ஏவினர். அது நேரே எழுந்து 4,440 அடி உயரம் சென்றது. பின்னர்ப் பாரசூட்டுகள் விரிந்தன. ராக்கெட் மீண்டும் நிலத்தை அடைந்தது.

கூடியிருந்தோர் கண்ணுக்கு எழுச்சியே பெருங்காட்சி. செய்தவர் நெஞ்சு நடுங்குவதோ அதற்குப் பின்பு, மோட்டார் ஓய்ந்து எங்கும் அமைதியான அந்தச் சில விநாடிகளில்தான். பாரசூட் விரியாவிடில், பல மாத உழைப்பு மண்ணிற் புதையும். அதனினும் கொடிது, முக்கால் டன் பாரம் எவர் தலைமேல் விழுமென்று எவரும் சொல்லவியலாது. இதனாலேயே பெரிய ராக்கெட்டுகளில் தாமத மருந்தை மட்டும் நம்புவதில்லை. காற்றின் அழுத்தத்தைக் கொண்டு உச்சியை அறியும் உயரமானிகளை வைக்கின்றனர். ஒன்று தவறினால் உதவ மற்றொன்றும், தனி மின்கலத்தோடு, உடன் செல்கிறது. உச்சியில் ஒரு சிறு பாரசூட்டையும், தரைக்குச் சில நூறடி மேலே பெரிய பாரசூட்டையும் விரிப்பதும் வழக்கம். அதனால் ராக்கெட் காற்றில் நெடுந்தூரம் அடித்துச் செல்லப்படுவதில்லை.

நம் மாணவர் இதனைக் கண்டு வெடிமருந்து கலக்க முற்படலாகாது. அனுமதியின்றி அதனைச் செய்தல் நம் நாட்டிற் குற்றமுமாகும். ஆனால் அட்டையாற் குழலும் சிறகும் செய்து, இரு மையங்களையும் கணக்கிட்டு, கயிற்றிற் கட்டிச் சுழற்றி அக்கணக்கைச் சரிபார்க்கத் தடையொன்றுமில்லை. சோடாப் புட்டியில் நீரும் அழுத்திய காற்றும் நிரப்பி, ஆசிரியர் முன்னிலையில் விடும் நீர் ராக்கெட்டும் இப்பாடத்தையே புகட்டும்.

கோபுரம் கட்டப் புகுவோன் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிடவேண்டும் என்ற உவமையை நம் கல்லூரி ஜெபாலயத்திற் பன்முறை கேட்டிருக்கிறோம். பெரிதாக்கத் துணியும் எவர்க்கும் அது பொருந்தும். சிறியதில் வென்ற முறை பெரியதிலும் வெல்லும் என்று எண்ணுதல் கூடாது. பெரியது புதிய பொருள், அதற்குரிய கணக்கும் புதிது. மேலே எழுப்புதற்குச் செய்யும் கணக்கோடு, தீங்கின்றி இறக்குதற்குரிய கணக்கையும் முதலிலேயே செய்து முடித்தவனே ராக்கெட்டைப் பெரிதாக்கத் தகுதியுடையவன்.